சாம்பல் நிறக் கோட்டு

தார்த்துவில் அன்று மைனஸ் பத்தொன்பது.
புத்தகக்கடைக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும்
முதல் இரண்டு நிமிடம் குருடர்கள்,
மூக்குக்கண்ணாடி முழுக்க வெண்புகை.

நான் கண்ணாடி போடுவதில்லை.
ஜனவரியில் காளான் புத்தகம் தேடுகிற ஒரே பைத்தியமாக
அடித்தட்டின் முன் குனிந்திருந்தேன்.
மேலே, அக்டோபர் தள்ளுபடியில்
ஊரில் பாதிப் பெண்கள் வாங்கிய
அதே சாம்பல் நிறக் கோட்டு.

பின்னாலிருந்து ஒரு கை
இரண்டு கையுறைகளை என் கையில் திணித்தது.
"பிடி."
பிடித்தேன்.
அங்கேதான் சறுக்கியது.

"நான் அவளில்லை ஐயா."
மூன்றே சொல்.
எங்கள் ஊரில் மூன்று சொல் பெரிய செலவு.
யோசித்து முடிப்பதற்குள்
பனி உருகிச் சொட்டும் கம்பளித் தொப்பியும்
வந்து சேர்ந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.
துடைத்தார், துடைத்தார்.
அவ்வளவு அழுக்கு எந்தக் கண்ணாடியிலும் கிடையாது.

"ஹெல்வே, கோவிச்சுக்காதே.
படகை நான் விக்கல."

என் முன்னால் விஷக்காளான்கள், வண்ணப்படங்களுடன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
கண்ணை எடுக்கவில்லை.

"அர்வோவோட கொட்டகையில இருக்கு. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு.
வித்த காசுன்னு உன்கிட்டக் கொடுத்தேனே,
அது என் பல்லுக்கு எடுத்து வெச்ச காசு.
அதான் இன்னும்
இடது பக்கமாவே மெல்லறேன்."

வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல் நின்றேன்.
இனித் திரும்பினால்
கேட்டதெல்லாம் திருட்டுக் கேட்டதாகிவிடும்.
திரும்பாவிட்டால்
ஒரு மனிதர் தன் வாழ்நாள் பொய்களையெல்லாம்
காளான் அலமாரியருகே கொட்டித் தீர்த்துவிடுவார்.

"ஏதாவது சொல்லேன்.
திட்டவாவது திட்டு."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏனோ,
சத்தியமாக ஏனென்று தெரியாது,
கேட்டேன்:
"படகு என்ன நிறம்?"

முப்பது கோடை அதில் கூடவே உட்கார்ந்தவள்
கேட்கக்கூடாத கேள்வி.

துடைப்பு நின்றது.
கண்ணாடி மூக்கில் ஏறியது.
அவர் முகம் பீட்ரூட் சூப்பின் நிறத்துக்கு வந்து
அதையும் தாண்டிப் போயிற்று.
என் முகத்தில் வழிந்த அசட்டை
ஒரு கிண்ணத்தில் பிடித்திருக்கலாம்.

"பச்சை," என்றார்.
கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போவது
மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்.

"உர்மஸ்! யார்கிட்டப் பேசிட்டிருக்க?"
கல்லாப் பக்கமிருந்து
இன்னொரு சாம்பல் நிறக் கோட்டு.

நான் தொப்பியைக் கொடுத்தேன். கையுறையைக் கொடுத்தேன்.
அவர் வாங்கிக்கொண்டு
எனக்குத் தலைவணங்கினார்,
சவ அடக்கத்தில் வணங்குவதுபோல.
தேவையேயில்லாத அந்தப் புத்தகத்துக்கு
முப்பத்திரண்டு யூரோ கொடுத்துவிட்டு
ஓடாத குறையாக வெளியேறினேன்.

ஆற்றுப் பாலத்தில் பஸ் திரும்பும்போது
பைக்குள் கைவிட்டால்
இடது கைக்குரிய ஒரு கையுறை.
இன்னும் ஈரம்.

மறுநாள் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தேன்.
"யாரோடது?" என்றாள் அந்தப் பெண்.
"ஹெல்வேயின் கணவருடையது."
"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

இல்லை என்றேன்.
பிறகு ஆமாம் என்றேன்.
அவள் என்னைப் பார்த்த பார்வையில்
மறுபடியும் அடித்தட்டுக்குக் குனிந்துவிட்டேன்.

படகைப் பற்றி மட்டும்
மூச்சு விடவில்லை.
ஏப்ரலில் எமாயிகி உருகட்டும்,
பச்சையாக ஏதாவது மிதந்து வருகிறதா என்று
பாலத்தில் நின்று பார்க்கிறேன்.