கடைசி வரிக்குப் பின்

ஏறியவர்கள் அறுபத்தொன்று என்றது என் நிரல்.
இறங்கியவர்கள் அறுபது என்றது
மொஸ்கெனெஸ் துறையின் வாசல் கருவி.
ஜனவரி. மதியம் மூன்றுக்கே இருட்டு.

எய்லெர்ட் கப்பலைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார்.
கழிப்பறைக் கதவுகளைத் தட்டினார்கள்.
கார் தளத்தில் குனிந்து குனிந்து
ஒவ்வொரு வண்டிக்கடியிலும் டார்ச் அடித்தார்கள்.
மீட்புப் படகு ஒன்று வந்த வழியே
கடலைத் துழாவிக்கொண்டு போனது.
யாரோ குறைகிறார்.
யார் என்று கேட்டால்
பட்டியலில் எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள்.

நான் போடோவில், மூன்றாம் மாடியில்,
ஆறிப்போன காபியோடு.
பட்டியலைப் படிக்கும் நிரலை எழுதியவள் நான்.

முழுக் கோப்பையும் ஒரே மடக்கில் விழுங்கக்கூடாது,
நினைவகம் விக்கும். தெரியும்.
ஓடையில் கைவிட்டு அள்ளுவதுபோல
ஒரு வரி, எண்ணு, கீழே விடு,
அடுத்த வரி.
திறந்ததா என்று பார்த்திருக்கிறேன்.
திறக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.
மூடியிருக்கிறேன்.
சோதனைக்கு வைத்திருந்த பட்டியல்களைத்
தலையெண்ணி ஒருநாளும் சரிபார்த்ததில்லை,
அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே ஒரு கேள்வி இடம் மாறிக் கிடந்தது.
முடிந்துவிட்டதா?
இல்லையென்றால் படி, எண்ணு.
இப்படி எழுதியிருந்தேன்.
கடைசி வரியை அள்ளிய பிறகும்
ஓடைக்குத் தெரியாது, தான் தீர்ந்தது.
இன்னொரு முறை கைவிட்டு
வெறுங்கையாய் எடுக்கும்போதுதான்
அதற்கே தெரியவரும்.
அந்த வெறுங்கையை நான் பார்க்கவில்லை.
அதில் முந்தைய பெயரின் ஈரம் இருந்தது.
ஈரத்தை ஓர் ஆள் என்று எண்ணிவிட்டேன்.

முந்தைய பெயர்: ஓஸ்னெ ஓர்விக்.
எங்கள் நெடுங்கணக்கில் இருபத்தொன்பதாவது,
தலையில் வளையம் வைத்த எழுத்து,
ஓ என்று ஒலிக்கும்; அதற்கப்பால் எழுத்தில்லை.
அந்த ஒற்றை எழுத்தையே பெயராகக்கொண்ட ஊருக்குத்தான்
அவள் போய்க்கொண்டிருந்தாள்.
நெடுஞ்சாலை அங்கே முடிகிறது.
பழைய பேச்சில் அந்தச் சொல்லுக்கு
ஓடை என்று பொருள்.

இதையெல்லாம் பிறகு கேள்விப்பட்டேன்:
துறையில் நிறுத்திவைத்த பேருந்துக்குள்
ஓஸ்னெ பிளாஸ்கைத் திறந்து
ஓட்டுநருக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.
"யாரைத் தேடுகிறார்கள்?"
"ஒரு ஆள் குறையுதாம்."
கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கியவள்
அலைதாங்கிச் சுவரின் நுனிவரை நடந்து
கைபேசி வெளிச்சத்தைத் தண்ணீர்மேல்
வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

நாலு பத்துக்கு
பெயர்களை அச்செடுத்து
விரல் வைத்து எண்ணினேன், குழந்தைபோல.
அறுபது.
மறுபடி அறுபது.
நிரல் எண்ணியதை ஒவ்வொன்றாய்த் துப்பச் சொன்னேன்.
ஓர்விக், ஓஸ்னெ.
ஓர்விக், ஓஸ்னெ.

எய்லெர்ட் கொஞ்ச நேரம் பேசவில்லை.
தொலைபேசியில் காற்று மட்டும்.
"அப்போ யாரும் விழவில்லை?"
"யாரும் விழவில்லை."
"நல்லது," என்றார்.
"ஆனால் ஒன்றரை மணி நேரம் தேடியிருக்கிறேன், சுன்னிவா.
அந்த ஆளுக்கு ஒரு உயரம்கூட
வந்துவிட்டது எனக்குள்."

திருத்தம் ஒரு வரிதான்.
படி.
கிடைத்ததா?
கிடைத்தால் மட்டும் எண்ணு.

மறுநாள் நாற்பத்துநாலு பேர் ஏறினார்கள்,
நாற்பத்துநாலு பேர் இறங்கினார்கள்.
யாரும் எனக்கு ஒன்றும் எழுதவில்லை,
எய்லெர்ட்கூட.

பட்டியல் தீரும் இடத்தில்
இப்போதும் ஒருமுறை கைவிடுகிறது நிரல்.
ஒன்றும் வருவதில்லை.
அந்த ஒன்றுமில்லாததை
நேராகப் பார்த்துவிட்டு
மூடுகிறேன்.