முப்பத்தைந்து புள்ளி

பாட்டில் ஒன்றுக்கு முப்பத்தைந்து புள்ளி சேதம்.
அதிகம் என்கிறான் பெர்டாலன்.
மூன்றே வீச்சில் டாங்கி செத்துவிடுகிறதாம்.
இருபதாக்கு, போதும்.

புடாபெஸ்டில் மழை.
ஒப்பிட்டுப் பார்க்க வாங்கிவந்த
விசாரணைப் பதிவின் நகலைப் புரட்டுகிறேன்.
ஐம்பத்தேழு, பிப்ரவரி.
ஹைனால் எதெல்கா, வயது பத்தொன்பது,
கையுறைத் தொழிற்சாலை.

எத்தனை வீசினாய்?
மூன்று.
முதலாவது?
டிராம் தண்டவாளத்தில் உடைந்தது.
இரண்டாவது?
அணைந்துபோனது. காற்று.
மூன்றாவது?
பட்டது.
டாங்கி எரிந்ததா?
கொஞ்சம் பெயின்ட்.
புகை உள்ளே போயிருக்க வேண்டும்,
மூடி திறந்தது.
ஒரு பையன் இருமினான்.
தொப்பி இல்லை. காது இரண்டும் சிவந்திருந்தன.
பிறகு?

பிறகுக்கு எதிரே
தட்டச்சில் ஒன்றுமில்லை.
ரிப்பன் தீர்ந்ததோ,
கேட்டவருக்குத் தேநீர் வந்ததோ.

எங்கள் டாங்கிக்கும் மூடி உண்டு.
துரு, திருகாணி, வெல்டிங் தழும்பு வரை
மூன்று வாரம் வரைந்தாள் சரோல்தா.
திறக்காது.
உள்ளே எதையும் வைக்கவில்லை.
உயிர் என்பது
மேலே மிதக்கும் பச்சைக் கோடு.

என்ன, இருபதா? பெர்டாலன் கேட்கிறான்.
அடிக்கிறேன். அழிக்கிறேன்.
காற்றை எந்தக் கட்டத்தில் போடுவது
என்று திருப்பிக் கேட்கிறேன்.