பத்திரம்

வங்கி அனுப்பிய ஆள் நான்.
லேசர் அளவுகோல், நனைந்த காலணி, ஒரு படிவம்.
கில்லிபெக்ஸ் துறைமுகத்தில் அன்று
மழை பக்கவாட்டில் பெய்தது.

டிம்ப்னா கதவைத் திறந்தாள்.
படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை.
தகரக் கூரை. சங்கிலியில் வாய் பிளந்து
தொங்கிக்கொண்டிருந்தது ஒரு யமஹா.
துடைத்துவிட்டுத்தான் கை கொடுத்தாள்.
அப்படியும் படிவத்தின் மூலையில்
அவள் பெருவிரல் கறுப்பாக விழுந்தது,
கையெழுத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கையில்.

"கடற்பாசி" என்றாள்.
"உலர்த்தி, அரைத்து, பொட்டலம் போட்டு.
உலர்த்தும் எந்திரம் ஒன்று கால்வேயில் விலைக்கு வருகிறது.
எல்லாம் சேர்த்து
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் யூரோ."
சுவரில் சாக்கட்டிக் கணக்கு:
ஈரத்தில் பத்து கிலோ, காய்ந்தால் ஒன்றரை.
துவைத்த சட்டையே காயாத ஊரில்
காயவைத்துப் பிழைக்கப் போகிறாள்.
நான் வாய் திறக்கவில்லை.
எனக்குக் கூலி சுவருக்குத்தான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
இவள் சுவரை வைத்துச் சித்திரம் வாங்குகிறாள்.
'வைத்து' என்ற சொல்லுக்குள்
ஓர் அடகுக்கடை
எந்நேரமும் திறந்தே கிடக்கிறது.

நீளம் பதினெட்டு மீட்டர் நாற்பது.
அகலம் ஒன்பது.
பின்னறையில் சிவப்புப் புள்ளி தடுமாறியது.
மூலப்பத்திரத்தை எஞ்சின் மேல் விரித்து
மறுபடி அளந்தேன்.
பின்சுவர் பக்கத்து மனையில் நிற்கிறது,
அறுபது சென்டிமீட்டர் உள்ளே,
நாற்பத்தாறு வருடமாக,
யாரும் கேட்காததால் நேராக.

வில்லங்கம் என்று எழுதினேன்.

பக்கத்து மனைக்காரர் காஹல்
கறுப்புக் கோட்டோடு வந்தார்.
ஊரில் யார் செத்தாலும்
அடக்கம் செய்து கொடுப்பவர்.
அவரும் அளப்பவர்தான்.
சென்டிமீட்டரில் எங்களுக்குள் தகராறே இல்லை.
"எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.
ஆனால் என் வாசலில் பெட்டி இறங்கியதிலிருந்து
வண்டி வளைவு தாண்டும் வரை
உன் விசிறி ஓடக் கூடாது."

"மாதத்துக்கு எத்தனை பேர்?"

உண்மையாகவே யோசித்தார்.
"குளிரைப் பொறுத்தது."

படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள்.
பொறுமையாக விற்றால் என்ன வரும்?
தொண்ணூறு நாளில் விற்றே தீரவேண்டுமென்றால் என்ன வரும்?
வங்கி இரண்டாவதைத்தான் முதலில் படிக்கும்.
அவளும் அதைத்தான் கேட்டாள்.
சொல்லக் கூடாது.
சொன்னேன்.

முகம் மாறவில்லை.
சாக்கட்டி எடுத்து
பாசிக் கணக்கின் அடியில் அதை எழுதி,
கழித்து,
விடையின் கீழ் இரண்டு கோடு இழுத்தாள்.
பிறகு யமஹாவைக் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டிருந்தாள்,
அதற்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருப்பதைப் போல.
போகும்போது ஒரு பொட்டலம் நீட்டினாள்.
வாங்கக் கூடாது என்பது விதி.
டொனிகல் நகரம் வருவதற்குள்
பாதி தின்று முடித்திருந்தேன். உப்பு.

இப்போது பத்திரம்
டப்ளினில் ஒரு இரும்பு அலமாரியில்
பத்திரமாக இருக்கிறது.
பட்டறை மழையில் இருக்கிறது.

மார்ச்சில் வேறொரு வேலையாக
அந்தச் சாலையில் போனேன்.
காஹலின் நீளமான கார் கிளம்பிக்கொண்டிருந்தது.
விசிறி சத்தமில்லை.
டிம்ப்னா வாசலில், தலை குனிந்து,
தொப்பி கையில்.
செத்தவருக்கு நெருங்கியவள் போல என்று
யாராவது நினைத்திருக்கலாம்.
எனக்குத் தொப்பிக்குப் பின்னால்
மணிக்கட்டு தெரிந்தது,
கடிகாரத்தை அவள் திருப்பிக் கட்டியிருந்த விதம்.

வட்டிக்கு மௌன அஞ்சலி கிடையாது.

ஏழு நிமிடம்.
கடைசிக் கார் வளைவில் மறைந்ததும்
தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு
உள்ளே ஓடினாள்.
ஏற்றியிருந்த கண்ணாடியையும் மீறி
என் வண்டிக்குள் வந்தது
சூடான கடல் வாசனை.