கால் பங்கு தண்ணீர்

மூன்றாம் நாள் காலை
மீன்கள் எல்லாம் மேலே வந்து நின்றன.
காற்றைக் கடித்துக் கடித்துத் துப்பின.
செவுள் ஓரம் பழுத்த மிளகாயாய்ச் சிவந்திருந்தது.
பசி என்று நினைத்து
இன்னொரு சிட்டிகை தீனி போட்டேன்.
என் கையால்தான் போட்டேன்.

அழகாபுரம் மாடி வீடு, இரண்டடித் தொட்டி,
நீலக் கூழாங்கல், பிளாஸ்டிக் பாசி,
குமிழி விட வாய் திறக்கும் புதையல் பெட்டி.
எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்து
மேட்டூர்த் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகப் பிடித்தேன்.
குளோரின் வாடை அடித்தது.
சுத்தம் என்று மகிழ்ந்தேன்.

மகிழ்ந்தவள் யார் தெரியுமா?
ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு டயாலிசிஸ் பிரிவில்
விடியற்காலை ஐந்தரைக்கு,
முதல் நோயாளி படுக்கும் முன்,
தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று
சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள்.
பதினோரு வருடம். ரோசலின் என்று, கோணல் இல்லாமல்.

செவ்வாய்ப்பேட்டை மீன்கடை முனவர்
கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"தொட்டிக்கு வயசு பத்தலைங்க" என்றார்.
"கழிவைத் தின்கிற பூச்சி இன்னும் பொறக்கலை.
தீனியை நிறுத்துங்க.
தினம் கால் பங்கு தண்ணி மாத்துங்க.
பயந்து போய் முழுசா மாத்திடாதீங்க."
நீல மருந்துப் புட்டியைக் கேட்டேன்.
விற்க வேண்டியவர், தரமாட்டேன் என்றார்.
தன் பழைய தொட்டியின் பஞ்சை எடுத்து
பாலிதீன் பையில் பிழிந்தார்.
கறுப்பு. வண்டல். குளத்து நாற்றம்.
கையுறை இல்லாமல் எதையும் தொடாதவள்
டவுன் பஸ்ஸில்
அந்த அழுக்கை மடியில் வைத்து
சிந்தாமல் கொண்டு வந்தேன்.

வாளியில் ஊறிய தண்ணீர்,
குளோரின் முறிக்கும் சொட்டு, கொஞ்சம் கல்லுப்பு.
காலாவதியான சலைன் குழாய் ஒன்று பையில் இருந்தது.
சக்கரத்தைத் திருகி
நிமிடத்துக்கு அறுபது என்று எண்ணினேன்.
இது எனக்குத் தெரிந்த வேலை.

நான்காம் படுக்கை சடையாண்டி
ஏர்க்காட்டிலிருந்து வாரம் மூன்று நாள்
கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வருகிறவர்.
நாளுக்கு அரை லிட்டர்தான் குடிக்கலாம்.
ஊசி குத்தும்போது கவனம் மாற்ற
மீன் கதையைச் சொன்னேன்.
"ஒரு மீன் நாளைக்கு
எவ்வளவு தண்ணி குடிக்கும் மேடம்?"
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இரவு தேடிப் படித்தேன்.
நன்னீர் மீன் ஏறக்குறைய குடிப்பதே இல்லையாம்.
செவுள் வழியே தண்ணீர் தானாக உள்ளே ஊறுமாம்.
ஊறியதை ஓயாமல் வெளியே தள்ள வேண்டுமாம்.
தள்ள முடியாத அன்று
வீங்கிப்போகுமாம்.

வெள்ளிக்கிழமை அவர் எடை
இரண்டு கிலோ கூடியிருந்தது.
இன்னும் பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்.
"கேக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்"
என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறில் இரண்டு போய்விட்டன,
இரண்டும் கறுப்பு மோலி.
குரோட்டன்ஸ் தொட்டி மண்ணில் இடம் பார்த்தேன்.
பதினேழாம் நாள் மற்றவை
மேலே வராமல் நடுத் தண்ணீரில் திரிந்தன.
கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம்.
துடைக்கத் துணியை எடுத்தேன்,
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

சமையலறைக் காலண்டரில் எழுதினேன்:
குளோரின் இல்லை.
மீன் நான்கு.
ரோசலின்.