கம்பத்தில் பை

பேனா உறைந்துவிடும் என்பதால் பென்சில்.
கண்ணாடியில் ஆவி படியும் என்பதால்
இறக்கியே வைத்த ஜன்னல்.
மைனஸ் முப்பத்தொன்றில் லாரிசா வண்டியை ஓட்டுகிறாள்,
வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டும் அதே நிதானத்தில்,
ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும்
இல்லாத குழந்தைகளுக்காக
நின்று நின்று.

சஸ்காட்சுவனில் சாலைகள் வளைவதில்லை.
யாரோ அளவுகோல் வைத்துக் கிழித்த கட்டங்கள்.
கட்டத்துக்குள் கனோலா அறுத்த நிலம்,
பனிக்கு மேல் ஒரு விரற்கடை நீட்டி
வரி வரியாக அரிதாள்.
ஒன்றும் எழுதப்படவில்லை.

வெள்ளை நிலத்தில் வெள்ளைப் பறவை.
இதற்குப் பதினோரு வருடமாக
சொந்தச் செலவில் பெட்ரோல்.

முதல் ஆந்தை, உர வாளி.
இரண்டாவது, கற்குவியல் போட்டுக்கொண்ட பனிக்குல்லாய்.
மூன்றாவதற்கு முகம்கூட இருந்தது;
தொலைநோக்கியைத் திருகத் திருக
முகம் போய்
எரிவாயு உருளையின் மூடி வந்தது.
நான்காவது ஏழாம் மைலில்,
வேலிக்கம்பத்தின் உச்சியில் சிக்கியிருந்தது.
ஓர் ஓரம் லேசாகப் படபடத்து அடங்கியது.
“பை” என்றாள்.
பை என்று எழுதினேன்.
ஏமாந்ததற்கும் கணக்கு வேண்டும் என்பது
அவள் போட்ட சட்டம்.

மரம் என்ற ஒன்றைப் பார்த்தே இராத
வடகோடியிலிருந்து வருகின்றன.
அவற்றுக்கு இதுதான் தெற்கு.
இந்தக் குளிரில்தான்
அவை குளிர்காய்கின்றன.

பன்னிரண்டாம் மைலில் ஒரு பிக்கப்
எங்களை ஒட்டி வந்து நின்றது.
எல்மர் டேவ்ஸ், இரண்டு பக்க நிலத்துக்கும் சொந்தக்காரர்.
“எண்ணெய்க் கம்பெனியா?”
“ஆந்தை.”
கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
எண்ணெய் என்றிருந்தால்
பேச அவரிடம் நிறைய இருந்திருக்கும்.
பிறகு சொன்னார்:
“பொழுது சாயும்போது
எங்கள் தானியக் கிடங்கின் மேல் ஒன்று உட்காரும்.
இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுகிறோம்.
போன வருடம் ஆறு பேர் வந்தார்கள், கேமராவோடு.
கடையில் வாங்கிய வெள்ளெலியைப்
பனியில் வீசி வீசிப் படமெடுத்தார்கள்.
என் மனைவி திரைச்சீலையை மூடிவிட்டாள்.
வாருங்கள், பாருங்கள்.
இடத்தை மட்டும் எழுதாதீர்கள்.”

எழுதவில்லை. எழுத ஒன்றும் நடக்கவுமில்லை.
நாலு மணியிலிருந்து ஐந்து வரை
கிடங்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
தகரம் நீலமானது, பிறகு சாம்பல், பிறகு வெறும் விளிம்பு.
விருந்துக்கு அழைத்துவிட்டு
உலை வைக்க மறந்தவர்போல்
எல்மர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.
“நேற்று வந்தது” என்றார்.
கொஞ்சம் கழித்து, “முந்தாநாளும்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி
பொட்டலம் ஒன்று கொடுத்தனுப்பினாள்.
ஒன்றின் தலையில் இன்னொன்றை அமுக்கிச் சுட்ட
இரண்டடுக்குப் பன்கள்.
கழுத்தே இல்லாமல் உடம்பும் தலையுமாக
ஆறு.
“இன்றைக்கு இவ்வளவுதான்” என்று
லாரிசா ஒன்றின் தலையைக் கடித்தாள்.

திரும்பும் வழியில் ஏழாம் மைலில் நிறுத்தினாள்.
குறுக்குச் சாலை எதுவும் இல்லாத இடம்.
முகப்பு விளக்கில்
கம்பம் நின்றது,
கம்பம் மட்டும்.

இறங்கினோம்.
எங்கள் வாயாவி
கயிறு கட்டி இழுத்ததுபோல்
நேரே மேலே போயிற்று.
எல்மர் வீட்டுப் புகையும் அப்படித்தான் போனது,
இப்போது நினைவு வருகிறது.
காலையிலிருந்தே அப்படித்தான்.
ஒரு பை பறந்துபோகும் அளவுக்கு
இன்று எங்கும் காற்று இல்லை.
படபடக்கும் அளவுக்கும்.

பென்சிலைத் திருப்பி ரப்பர் பக்கம் பிடித்தேன்.
“அழிக்காதே” என்றாள். “கீழே எழுது.”
விரல் மரத்துப்போய்
எழுத்து கோணிக்கொண்டு விழுந்தது:

மாலை ஐந்து இருபது.
பை இல்லை.