முதல் பீரியட்

ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.
காலாண்டில் கணக்கில் தோற்றவர்கள் பதினேழு.
"அடிப்படையே இல்லை" என்று
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
அதே பதினேழு பெயருக்கு நேராகத்
தாமதம், தாமதம், தாமதம்.
ஜூனில் ஒரு வாரம் மட்டும் யாருக்கும் இல்லை.

"அன்னைக்கெல்லாம் மழ டீச்சரே,
மரம் நனைஞ்சா வெட்டு கெடயாதே"
என்றான் அஜின்,
ஒட்டுப்பாலை விரலிடுக்கில் உருட்டியபடி.

குலசேகரத்தில் பல வீடுகள்
மூன்று மணிக்கே நெற்றியில் டார்ச் கட்டுகின்றன.
சிரட்டை சிரட்டையாகப் பாலெடுத்து ஊற்றி
அம்மா போகச் சொல்லும்போது
நான் இரண்டாவது கணக்கை
அழித்துக்கொண்டிருப்பேன்.

"கணக்குன்னா காலையிலதான்,
மூளை தெளிவா இருக்கும்" என்றார்கள் கூட்டத்தில்.
யாருடைய மூளை என்று கேட்க நினைத்தேன்,
டீ வந்துவிட்டது.
பி.டி. மாஸ்டர் தங்கநாடார்தான்
தன் நாலாம் பீரியடைத் தந்தார்,
முணுமுணுத்துக்கொண்டே.

அரையாண்டில் தோற்றவர்கள் ஆறு.
அந்த ஆறு பேரிடம் இன்னும்
என்ன கேட்கவில்லை என்று தெரியவில்லை.

அறுபத்தொன்று எடுத்த அஜின்
என்னோடு பேசுவதில்லை.
பந்தாட்டம் இப்போது
முதல் பீரியட்.