மூன்று மெய்

நாடல்பெர்க் பத்தாம் இலக்கத்து நூலகத்தில்
அசையாமல் இருந்தால் விளக்கு அணைந்துவிடும்.
கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால்
கையைத் தூக்கி ஆட்டவேணும்,
பஸ்ஸை மறிக்கிற மாதிரி.
நான் இன்னும் இங்கே இருக்கிறேன் என்பதற்குக்
கட்டடத்திடம் வேறு சாட்சி இல்லை.

நாற்பத்தாறு வயதில் முதுகலை. இறையியல்.
"முடிச்சுப்போட்டு என்ன, நீங்களே பூசை வைக்கப்போறியளோ?"
என்று கேட்டார் மரியநாயகம் அண்ணர்,
ஞாயிற்றுக்கிழமை, கையில் கோப்பியோடு.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
செமஸ்டருக்கு எண்ணூற்றைம்பது பிராங்க்.
அது எத்தனை இரவு வேலை என்று கேட்டிருந்தால்
விரல் மடக்காமல் சொல்லியிருப்பேன்.

கிரேக்கத்தில் ஒருதரம் தவறினேன்.
ஜெர்மன் கட்டுரைகளை மகள் டொமினிக்கா திருத்துகிறாள்,
சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு:
"அம்மா, கிருபை பெண்பால்.
விசுவாசம் ஆண்பால். சந்தேகமும் ஆண்பால்."
இரண்டும் ஒரே பாலா என்று கேட்டேன்.
"ஓம், பாடமாக்குங்கோ" என்றாள்.

எபிரேயம் மட்டும் என்னோடு சண்டை பிடிக்கவில்லை.
"எந்தச் சொல்லைத் தோண்டினாலும்
அடியில் மூன்று கொன்சனன்ட்" என்றார்
பேராசிரியை சுட்டர்.
கொப்பியில் எழுதினேன்: மூன்று மெய்.
எழுதின பிறகுதான் பார்த்தேன்.
எங்களுக்கு அது எழுத்து,
அதுவே உடம்பு,
அதுவே உண்மை.
ஜெர்மனில் அது கொன்சனன்ட் மட்டும்.

"விளங்கியதா?" என்று அவர் கேட்க
வாய் தவறி "ஓம்" என்றுவிட்டேன்.
பக்கத்துப் பெடியன் யோனாஸ்
மிகுந்த மரியாதையோடு கைகூப்பினான்.
அது மந்திரம் இல்லை, வெறும் ஆம் என்று சொல்லி முடிக்க
இடைவேளை முழுக்கப் போயிற்று.

ஆய்வுக்கு ஒரே ஒரு வேர் எடுத்தேன்.
ஆலெஃப், மேம், நூன்.
செபத்தின் முடிவில்,
எழும்புகிற அவசரத்தில்
எல்லாரும் உதட்டிலிருந்து விழுத்துகிற சொல்.
அதே வேரில் ஒரு கதவுத் தூண் நிற்கிறது.
அதே வேரில்
பிறர் பிள்ளையை மார்போடு அணைத்துச் சுமப்பவரும்:
ஓமேன்.

என் மெய்யையும் என் ஓமையும் சேர்த்து
நாற்பத்தேழாம் அடிக்குறிப்பில் வைத்தேன்.
பேராசிரியை பென்சிலால் எழுதியிருந்தார்:
"அழகு. ஆனால் இது வாதம் அல்ல."
அழித்துவிடக்கூடிய பென்சில்தான்.
நான் குறிப்பை அழித்தேன்.
அவர் சொன்னது சரி.
ஒலி ஒத்தால் உறவாகிவிடாது.

குண்டெல்டிங்கன் முதியோர் இல்லம், மூன்றாம் மாடி.
திருவாளர் ஸ்டொக்லின், தொண்ணூற்றொரு வயது,
முப்பது வருஷம் ட்ராம் ஓட்டியவர்.
"கடவுள் ஒருநாளும் என் வண்டியில் ஏறினதில்லை,
டிக்கெட் இல்லாமல்கூட" என்பார்.
கட்டிலில் இருந்து தூக்கும்போது பயப்படுவார்.
பயந்தால் தரிப்பிடங்களைச் சொல்லுவார், வரிசை பிசகாமல்.

நாலேகாலுக்கு மணி அடித்தது.
கட்டிலை விட்டாயிற்று,
கதிரைக்கு இன்னும் வரவில்லை.
அவருடைய பாரம் முழுக்க
என் இடுப்புக்கு மேலே எங்கேயோ.
"பார்ஃபூஸர்பிளாட்ஸ்" என்றார்.
"பாங்க்ஃபெரைன்" என்றார்.
அடுத்தது வரவில்லை.
"பிடிச்சிருக்கிறீரா?"

என் இரண்டு கைகளும் அவர் கக்கத்துக்குள்.
அவர் நாடி என் தோளில், ஈரமாய்.
ஜெர்மன் அந்த நேரம் பார்த்து
எங்கே போனதோ தெரியாது.

"ஓம்" என்றேன்.

"ஏஷன்பிளாட்ஸ்" என்றார் அவர்.